சிபாரிசும் பரிந்துரையும்: ஆய்வகத்திலிருந்து ஆலைக்குச் சென்ற வழிகள்

ஒரே செயலுக்குத் தமிழில் இரண்டு சொற்கள் வழங்குகின்றன. ஒருவருக்காக இன்னொருவர் மூன்றாமவரிடம் பேசினால் அது சிபாரிசு. அதையே ஒரு பேராசிரியர் கடிதத்தாளில் எழுதிக் கையொப்பமிட்டால் பரிந்துரை. முன்னது பாரசீகத்திலிருந்து உருது வழியாக நமக்கு வந்த சொல். பின்னது பரிந்து உரைத்தல் என்னும் தமிழ்த் தொடரிலிருந்து அமைந்தது. அகராதியில் இரண்டுக்கும் பொருள் ஏறத்தாழ ஒன்றே. வழக்கில் அப்படியில்லை. சிபாரிசு என்றால் தகுதியற்ற ஒருவர் பின்வாசல் வழியாக நுழைந்துவிட்டார் என்று காது கேட்டுக்கொள்கிறது. பரிந்துரை என்றால் தகுதியுள்ள ஒருவரைச் சான்றோர் அடையாளம் காட்டினார் என்று கேட்டுக்கொள்கிறது.

இந்தச் சொல்வேறுபாட்டை இங்கு எடுத்துப் பேசக் காரணம் இருக்கிறது. ஆய்வேட்டை முடிக்கும் தறுவாயில் உள்ள அறிவியல் துறை நண்பர்கள் பலர் இப்போது தொழில்துறையில் வேலை தேடுகிறார்கள். கல்லூரிப் பணியிடங்கள் நிரப்பப்படாமல் கிடக்கின்றன; முதுமுனைவர் ஆய்வு உதவித்தொகையோ ஓரிரு ஆண்டுகளில் முடிந்துவிடும். இவர்கள் நிறுவனங்களின் இணையதளங்களில் நூறு விண்ணப்பங்களைத் தயங்காமல் பதிவேற்றுகிறார்கள். ஆனால் தங்கள் ஆய்வகத்திலிருந்து ஐந்தாண்டுக்கு முன் ஒரு மருந்து நிறுவனத்துக்குப் போன மூத்தவருக்கு நான்கு வரி எழுதச் சொன்னால் கை ஓடுவதில்லை. சிபாரிசு கேட்பது போல் ஆகிவிடும் என்கிறார்கள். அந்தக் கூச்சத்தில் ஒரு நேர்மை இருக்கிறது. அதை எள்ளுவது என் நோக்கமன்று. ஆனால் அறிவியலர் பல்கலைக்கழகத்தை விட்டுத் தொழில்துறைக்குப் போன நூற்றைம்பது ஆண்டு வரலாற்றைப் பார்த்தால், அந்தக் கூச்சம் பாதிதான் நியாயமானது என்பது தெரியவரும். எந்தப் பாதி என்பதே இப்பதிவின் கேள்வி.

1. சாயத்தின் காலம்

அறிவியல் படித்தவரை ஆலை கூலி கொடுத்து வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் பரவலாக வேரூன்றியது வேதியியலில். ஜெர்மனியின் கீஸன் நகரில் 1824இல் பேராசிரியரான யூஸ்டஸ் லீபிக், மாணவர்கள் தம் கையாலேயே சோதனை செய்து கற்கும் ஆய்வகத்தை உருவாக்கினார். அங்கு பயின்ற ஆகஸ்ட் வில்ஹெல்ம் ஹோஃப்மன், 1845இல் லண்டனில் தொடங்கப்பட்ட வேதியியல் கல்லூரிக்குத் தலைவராக வந்தார். அவருடைய மாணவர் வில்லியம் பெர்கின், 1856இல் தம் 18ஆம் வயதில், குயினைனைச் செயற்கையாகச் செய்ய முயன்று, எதிர்பாராமல் ஊதா நிறச் சாயம் ஒன்றைக் கண்டுபிடித்தார்.

பெர்கினின் கண்டுபிடிப்பு பள்ளிப் புத்தகங்களில் உண்டு. அதன் பின் நடந்ததை அவை அதிகம் சொல்வதில்லை. பெர்கின் கல்லூரியை விட்டு ஆலை தொடங்குவதை ஹோஃப்மன் விரும்பவில்லை. நல்ல ஆய்வாளன் ஒருவன் வணிகத்தில் வீணாகிறான் என்பது ஆசிரியரின் வருத்தம். முதலீடு பெர்கினின் தந்தையிடமிருந்து வந்தது. கட்டட வேலை எடுத்து நடத்திச் சேர்த்த பணத்தை அவர் மகனின் ஆலையில் போட்டார். அண்ணன் தாமஸும் கூடச் சேர்ந்தார். 1857இல் லண்டனுக்கு அருகே ஆலை எழுந்தது. ஆசிரியர் வழிவிடாதபோது குடும்பம் பாலம் ஆனது. பணமில்லாத வீட்டில் பிறந்த வேறொரு பெர்கினுக்கு என்ன ஆகியிருக்கும் என்பதையும் இங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும்.

அதே ஹோஃப்மனின் ஆய்வகம் மற்றவர்களுக்கு வேறு வகையில் பயன்பட்டது. அவரிடம் உதவியாளராக இருந்த பீட்டர் கிரீஸ் 1862இல் பர்ட்டன் நகரத்தில் ஒரு பீர் ஆலையின் வேதியியலராகச் சேர்ந்து வாழ்நாள் முழுதும் அங்கேயே பணிபுரிந்தார். பின்னாளின் அசோ சாயங்களுக்கு அடிப்படையான வேதியியல் அவருடையது. லண்டனில் ஹோஃப்மனிடம் இருந்த கார்ல் மார்ட்டியுஸ், மான்செஸ்டரில் ஒரு சாய நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு ஜெர்மனி திரும்பி, பின்னர் அக்ஃபா எனப் பெயர் பெற்ற நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவரானார். மான்செஸ்டரின் அதே நிறுவனத்தில் பணிபுரிந்த ஹைன்ரிக் காரோ 1868இல் பிஏஎஸ்எஃப் நிறுவனத்தில் சேர்ந்து அதன் ஆய்வுக்குத் தலைமை ஏற்றார். ஆலையில் அமர்ந்தபடியே அடால்ஃப் பாயர் போன்ற பேராசிரியர்களுடன் அவர் இடையறாத கடிதப் போக்குவரத்து வைத்திருந்தார். ஓர் ஆய்வகத்தில் சில காலம் சேர்ந்திருந்தவர்களின் அறிமுகமே ஒரு தொழிலின் ஆட்தேர்வு முறையாக அமைந்தது.

அந்த அறிமுகம் இல்லாதவரின் நிலை எப்படி இருந்தது? கார்ல் டுய்ஸ்பெர்க்கை எடுத்துக்கொள்வோம். 1882இல் யேனாவில் முனைவர் பட்டம் பெற்ற அவர் பல இடங்களுக்கு விண்ணப்பித்தும் வேலை கிடைக்காமல் அலைந்தார். கட்டாயப் படைப்பணிக்காக மியூனிக் சென்றபோது பாயரின் ஆய்வகத்தில் இடம்பிடித்து வேலை செய்தார். அதன் பின்னரே பாயர் நிறுவனத்தின் கதவு திறந்தது (பேராசிரியர் பாயரும் நிறுவனத்தின் பாயரும் வேறு வேறு). அந்நிறுவனம் கையாண்ட முறை கவனிக்கத்தக்கது. இளம் வேதியியலர் சிலருக்கு உதவித்தொகை கொடுத்து, முதலில் பல்கலைக்கழக ஆய்வகங்களிலேயே ஓராண்டு ஆய்வு செய்யவிட்டது. டுய்ஸ்பெர்க் ஸ்ட்ராஸ்பர்குக்கு அனுப்பப்பட்டார். பிறகு ஆலைக்கு வந்தார். 1912இல் அந்நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பையே ஏற்றார். தனி மனிதரின் அதிர்ஷ்டமாக இருந்த பாலத்தை ஒரு நிறுவனம் காசு கொடுத்துக் கட்டத் தொடங்கிய தருணம் இது.

இந்தப் பாலங்களின் விலையை இந்தியாவும் கொடுத்தது என்பதை மறந்துவிடக் கூடாது. பாயர் 1880இல் ஆய்வகத்தில் செய்துகாட்டிய செயற்கை அவுரியை பிஏஎஸ்எஃப் 1897இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. பிகாரின் அவுரித் தோட்ட முதலாளிகள் தங்கள் இழப்பைக் குடியானவர்கள் தலையில் சுமத்தினர். 1917இல் காந்தி சம்பாரணுக்குப் போன கதையின் பின்னணியில் அந்த ஆய்வகமும் இருக்கிறது.

2. ஒரு கோடைகாலமும் ஒரு கடிதமும்

அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 1900இல் ஆய்வகம் தொடங்கியபோது அதை நடத்த எம்ஐடியிலிருந்து வில்லிஸ் விட்னியை அழைத்தது. அவர் பேராசிரியப் பணியை உடனே உதறிவிடவில்லை. வாரத்தில் சில நாள் ரயிலேறிப் போய் நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து பாடம் நடத்தினார். முழுமையாகப் போய்ச் சேர்ந்தபின், எம்ஐடியில் தாம் அறிந்த வில்லியம் கூலிட்ஜை 1905இல் அழைத்தார். பாதி நேரம் தம் சொந்த ஆய்வுக்கு என்ற உறுதியின்பேரில் கூலிட்ஜ் வந்தார். மின்விளக்குக்கு உகந்த, கம்பியாக இழுக்கத்தக்க டங்ஸ்டனை உருவாக்கியவர் அவர்தாம். 1909இல், கற்பித்தல் சுமையால் சலித்திருந்த இர்விங் லாங்மியூர் என்ற இளம் ஆசிரியர் கோடை விடுமுறையைக் கழிக்க அந்த ஆய்வகத்துக்குப் போனார். 1950 வரை திரும்பவில்லை. இடையில் 1932இல் வேதியியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

கவனியுங்கள்: ஒருவர் பகுதி நேரமாகப் போனார், ஒருவர் பாதி நேரத்தைத் தமக்கென்று பேசி வாங்கினார், ஒருவர் ஒரு கோடைக்காலத்துக்குப் போய்ப் பார்த்தார். கல்விப்புலத்தை விட்டுப் போவது ஒரே நாளில் கழுத்தை நீட்டும் முடிவாக இவர்களில் எவருக்கும் இருக்கவில்லை.

டூபாண்ட் நிறுவனத்தில் சார்லஸ் ஸ்டைன் அடிப்படை ஆய்வுக்கென ஒரு குழுவை அமைக்க 1927இல் ஆள் தேடினார். பேராசிரியர்களைக் கேட்டே தேடினார். ஹார்வர்டில் ஆசிரியராக இருந்த வாலஸ் கரோதர்ஸ் முதலில் மறுத்துவிட்டார். தமக்கு மனச்சோர்வு வந்து வந்து போவதையும், தொழில்துறையில் அது பெருந்தடையாகலாம் என்று அஞ்சுவதையும் அவர் நிறுவனத்துக்கே வெளிப்படையாக எழுதினார். நிறுவனத்தார் நேரில் சென்று பேசினர். ஏறத்தாழ இரு மடங்கு சம்பளம் தர முன்வந்தனர். 1928 பிப்ரவரியில் கரோதர்ஸ் சேர்ந்தார். 1935இல் அவருடைய குழு நைலானை உருவாக்கியது. 1937இல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். தொழில்துறைக்குப் போனவர் எல்லோரும் நிம்மதி அடைந்தனர் என்று யாரும் சொன்னால் இந்தக் கதையை நினைவூட்ட வேண்டும். அவர் எழுதிய அச்சம் விண்ணப்பத்தாரின் நாடகம் அன்று.

கரோதர்ஸ் முனைவர் பட்டம் பெற்றது இல்லினாய் பல்கலைக்கழகத்தில், ரோஜர் ஆதம்ஸிடம். ஆதம்ஸும் அதே துறையின் கார்ல் மார்வெலும் டூபாண்டுக்கு நெடுங்காலம் ஆலோசகர்களாக இருந்தவர்கள். தம் மாணவர் ஆலைக்குப் போவதை இழுக்காகக் கருதாத ஒரு துறை அது. ஆதம்ஸின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சென்னைக்கு வரும்போது மீண்டும் தேவைப்படும்.

இன்னொருவர் காதரின் பிளாட்ஜெட். ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் பணியமர்ந்த முதல் பெண் அறிவியலர். அவருடைய தந்தை அந்நிறுவனத்தில் காப்புரிமை வழக்கறிஞராக இருந்து, மகள் பிறக்குமுன்பே கொல்லப்பட்டவர். கல்லூரியின் இறுதி ஆண்டு விடுமுறையில் தந்தையின் பழைய சக பணியாளர்கள் அவரை லாங்மியூரிடம் அறிமுகம் செய்தனர். மேற்படிப்பு முடித்துவிட்டு வரச் சொன்னார் லாங்மியூர். 1918இல் வேலை கிடைத்தது. 1926இல் கேம்பிரிட்ஜில் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண்ணும் அவரே. ஒளியை எதிரொளிக்காத கண்ணாடி அவர் கைவண்ணம். அவருடைய திறமையில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் அதே திறமையுடன், தந்தையின் நண்பர்கள் எவரும் அங்கு இல்லாமல் வந்த பெண்ணுக்கு அந்த வாசல் திறந்திருக்குமா? இது சிபாரிசா, பரிந்துரையா? இரண்டு சொற்களும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன.

3. நம் நாட்டில்

கல்கத்தா மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் பிரபுல்ல சந்திர ராய், சிறு முதலில் தொடங்கிய மருந்துத் தயாரிப்பை 1901இல் பெங்கால் கெமிக்கல் நிறுவனமாக்கினார். மாணவர்களுக்கு வேலை இல்லை என்று கண்ட ஆசிரியர் தாமே வேலை தரும் இடத்தை உண்டாக்கினார். வேதியியலில் முதுகலைப் பட்டம் பெற்ற ராஜசேகர் பாசு 1903இல் அங்கு சேர்ந்து, பின்னர் அதன் மேலாளராக உயர்ந்தார். வங்க இலக்கியம் அவரைப் பரசுராம் என்ற புனைபெயரில் நகைச்சுவை எழுத்தாளராக அறியும். அகராதித் துறையினர் 'சலந்திகா' அகராதியைத் தொகுத்தவராக அறிவர். ஆலைக்குப் போனால் அறிவு வாழ்க்கை முடிந்துவிடும் என்று அஞ்சும் நண்பர்களுக்கு இவரைக் காட்டுவது என் வழக்கம்.

லாகூரில் பேராசிரியராக இருந்த சாந்தி ஸ்வரூப் பட்நாகரிடம் அட்டாக் எண்ணெய் நிறுவனத்தார் ஒரு சிக்கலுடன் வந்தனர். துளையிடும்போது பயன்படும் சேறு உப்புநீர் பட்டதும் இறுகிவிடுகிறது. ஒருவகைப் பிசினைக் கலந்து அவர் அதைத் தீர்த்தார். மகிழ்ந்த நிறுவனம் ஆய்வுக்கென 1,50,000 ரூபாய் தர முன்வந்தபோது, அதைத் தமக்கென்று வாங்காமல் பல்கலைக்கழகத்துக்கே தரச் செய்தார். அப்பணம் ஆய்வு மாணவர்களுக்குப் பயன்பட்டது. தமக்கு வந்த அறிமுகத்தைத் துறைக்குப் பொதுவாக்கியவர் என்று இவரைச் சொல்லலாம்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகத சுப்பாராவ், ஹார்வர்டில் உயிர்வேதியியலில் அடிப்படையான கண்டுபிடிப்புகளில் பங்கேற்றும் அங்கு நிலையான பதவி பெறவில்லை. 1940இல் லெடர்லி மருந்து நிறுவனத்துக்குச் சென்றார். ஃபோலிக் அமிலத்தின் செயற்கைத் தயாரிப்பு, இரத்தப் புற்றுநோய்க்கு எதிரான முதல் மருந்துகள், யானைக்கால் நோய்க்கு இன்றும் நம் கிராமங்களில் வழங்கப்படும் மாத்திரை ஆகியவை அவர் தலைமையேற்ற ஆய்வகத்திலிருந்து வந்தவை. அங்கே அவர் அரவணைத்தவர்களில் ஒருவர் பெஞ்சமின் டக்கர். பல்கலைக்கழகத்தில் ஓய்வுபெற்றபின், எழுபது வயதைக் கடந்து வந்த தாவரவியலர். டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்து அவருடைய கண்டுபிடிப்பு. தமக்கு மூடிய கதவை நினைவில் வைத்திருந்தவர் பிறருக்குத் திறந்த கதவு அது.

இப்போது சென்னைக்கு வருவோம். மாநிலக் கல்லூரியில் முனைவர் பட்டம் பெற்ற தி. ர. கோவிந்தாச்சாரி 1940களின் பிற்பகுதியில் இல்லினாயில் ஆய்வு செய்தார். வழிகாட்டி அதே ரோஜர் ஆதம்ஸ். திரும்பிவந்து மாநிலக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராகவும் முதல்வராகவும் இருந்தார். 1963இல் பம்பாய் கோரேகாவில் திறக்கப்பட்ட சீபா ஆய்வு மையத்தின் தலைமையை ஏற்றார். அவரிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்த குப்புசாமி நாகராஜனும் அம்மையத்தில் சேர்ந்து நெடுங்காலம் மருந்தாய்வு செய்தார். கீஸனில் தொடங்கிய அதே பாணி: ஆசிரியர் நடந்த வழியில் மாணவர்.

விடுதலைக்குப் பின் அரசும் ஒரு பாலம் கட்டியது. வெளிநாட்டில் படித்துத் திரும்பும் அறிவியலருக்கு நிலையான வேலை கிடைக்கும்வரை தற்காலிக இடம் தரும் அறிவியலர் தொகுப்புத் திட்டத்தை 1958இல் அறிவியல் தொழிலக ஆய்வுக் குழுவின்கீழ் தொடங்கியது. மதுரையிலோ பரோடாவிலோ படித்து முடித்தவரை மனத்தில் கொண்டு அமைந்த திட்டமன்று அது.

4. அறிமுகம் என்பது யாருடைய சொத்து?

1970களின் தொடக்கத்தில் சமூகவியலர் மார்க் கிரானோவெட்டர், பாஸ்டனுக்கு அருகே நியூட்டன் நகரில் வேலை மாறிய தொழில்முறைப் பணியாளர்களை ஆராய்ந்தார். அவர்களில் 56 விழுக்காட்டினர் அறிமுகத்தின் வழியாகவே வேலை பெற்றிருந்தனர். அப்படிப் பெற்றவர்களில், தகவல் சொன்னவரை அடிக்கடி சந்திப்பவர்கள் 16.7 விழுக்காடு, எப்போதாவது சந்திப்பவர்கள் 55.6 விழுக்காடு, அரிதாகவே சந்திப்பவர்கள் 27.8 விழுக்காடு. நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். என்றோ ஒரு கருத்தரங்கில் பார்த்தவர் வேறொரு வட்டத்தில் வாழ்கிறார். நமக்கு எட்டாத செய்தி அவரிடம் இருக்கிறது. வேலை தேடுபவருக்கு இது ஆறுதலான முடிவு. செல்வாக்குள்ள உறவினர் வேண்டியதில்லை. தூரத்து அறிமுகம் போதும்.

ஆனால் இந்தியாவில் அந்தத் தூரத்து அறிமுகமும் சாதிவழியே பங்கிடப்பட்டிருக்கிறது. ஆதம்ஸிடம் படித்தவரின் மாணவர் என்பது ஒரு சொத்து. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்தவரிடம் அந்தச் சொத்து இல்லை. அஷ்வினி தேஷ்பாண்டேயும் காதரின் நியூமனும் டெல்லிப் பல்கலைக்கழகங்களின் முதுகலை மாணவர்களை ஆராய்ந்து 2007இல் எழுதினர். தலித் மாணவர்களுக்குத் தனியார் துறையில் வழிசொல்ல ஆள் குறைவு. நேர்காணலில் குடும்பப் பின்னணியைக் கேட்கும் கேள்வியே அவர்களுக்கு முள்ளாக இருந்தது.

எனில் விளம்பரம் பார்த்து விண்ணப்பிப்பதே தூய வழியா? அதே 2007இல் சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெலும் வெளியிட்ட ஆய்வு அதையும் ஐயுற வைக்கிறது. நாளிதழ் விளம்பரங்களுக்குச் சமத் தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். உயர்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை 1 எனக் கொண்டால் தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. முகமறியாத விண்ணப்பத்திலும் பெயர் முகமாகிவிடுகிறது. அப்படிப்பட்ட இடத்தில், இவரை எனக்குத் தெரியும், இவருடைய வேலையைப் பார்த்திருக்கிறேன் என்று ஒருவர் சொல்லும் சொல் யாருக்கு மிகுதியாகத் தேவைப்படுகிறதோ அவருக்கே அது கிடைப்பதில்லை.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். நண்பர்களின் கூச்சத்தில் நியாயமான பாதி இது: அறிமுகத்தைச் சிலர் மட்டும் மரபுரிமையாக அனுபவிப்பதன்மீது உள்ள வெறுப்பு. நியாயமற்ற பாதி: அதனால் தாமும் எவரிடமும் பேசக் கூடாது என்று விலகுவது. மரபுரிமையாகப் பெற்றவர்கள் விலகுவதில்லை. விலகுவோர் பெரும்பாலும் அது இல்லாதவர்களே. ஆகவே விலகலின் இழப்பு மறுபடியும் அவர்கள் பக்கமே சேர்கிறது.

செய்யத்தக்கவை சில. தொழில்துறைக்குப் போன மூத்தவருக்கு எழுதும்போது வேலை கேட்க வேண்டியதில்லை. அவருடைய அன்றாடப் பணி எப்படிப்பட்டது, தம் ஆய்வில் எந்தப் பகுதி அங்கே பயன்படும் என்று கேட்டால் போதும். விட்னியும் லாங்மியூரும் செய்தது போல, முடிவெடுக்குமுன் ஒரு கோடைக்காலமோ ஒரு சிறு திட்டமோ போய்ப் பார்க்கும் வழியைத் தேடலாம். எங்கள் மொழியியல் துறைக்கும் இது பொருந்தும். பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் செய்யும் நிறுவனங்களில் ஒலியியல் அறிந்தவருக்கு வேலை இருக்கிறது, அதை அறிந்து சொல்ல ஆள் இல்லை.

துறைகள் செய்ய வேண்டியது இதைவிட முக்கியம். கடந்த இருபது ஆண்டுகளில் தங்களிடம் முனைவர் பட்டம் பெற்றவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்ற பட்டியலைச் சில துறைகளே வைத்திருக்கின்றன. அது ஒரு பேராசிரியரின் கைப்பேசியில் இருந்தால் அவருக்கு வேண்டியவருக்கு மட்டும் கிடைக்கும். துறையின் சுவரில் இருந்தால் எல்லோருக்கும் கிடைக்கும்.

ஏற்கெனவே கடந்து போனவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரும் சாதியும் ஆசிரியரும் அல்லாத ஓர் ஆய்வு மாணவரிடமிருந்து கடிதம் வந்தால் விடை எழுதுங்கள். இரண்டு வரி போதும்.